மேற்படி என்னும் சொல்

ஆங்கிலச் சட்டப் பத்திரங்களில் 'அஃபோர்செட்' என்றொரு பெயரடை அடிக்கடி வரும். 'முன்னர்க் கூறப்பட்ட' என்பது அதன் நேர்ப்பொருள். நம் காணி உறுதிகளில் அதன் தொழிலைச் செய்வது 'மேற்படி' என்னும் சொல். இதனை விரித்தெழுதாது, ௸ என்னும் ஒற்றைக் குறியால் எழுதும் பழைய வழக்கமும் உண்டு.

இவ்விரு சொற்களும் தாமாக ஒரு பொருளையும் உணர்த்துவதில்லை. முன்னே சென்ற பெயரொன்றைச் சுட்டி நிற்பதே அவற்றின் கடமை. சுட்டத்தக்க பெயர் ஒன்றேயாயின் இடரில்லை. இரண்டாயின் வழக்குப் பிறக்கும்.

உறுதியொன்றைக் கற்பனை செய்வோம். "கந்தையாவின் இரண்டு பரப்புக் காணியும், அதன் வடக்கெல்லையாகிய வேலுப்பிள்ளையின் காணிக்கூடாகச் செல்லும் வழியும், மேற்படி காணியிலுள்ள கிணற்றிற் பாதிப் பங்கும்" என்று அதில் எழுதப்பட்டுள்ளது. கிணறு எவருடைய காணியில் உள்ளது? விற்றவரும் வாங்கியவரும் உயிரோடிருக்குங்கால் ஐயமில்லை. இரண்டு காணியிலும் கிணறு தோன்றி, அவர்களும் மறைந்தபின், பிள்ளைகளின் கையில் எஞ்சுவது எழுத்தொன்றே.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க, மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் இருக்கக் கையொப்பமிடப்படல் வேண்டும் என விதித்தது. ஆதலின் வாய்மொழி உடன்பாடு உறுதியின் இடத்தைப் பெறாது. எழுதிய சொல்லே தண்ணீருக்கு வழிவிடும், அல்லது வழியடைக்கும்.

பரிகாரம் எளிது. 'கந்தையாவின் காணியிலுள்ள கிணறு' என்று பெயரை மீண்டும் எழுதினாற் போதும். கூறியது கூறல் குற்றமன்றோ எனச் சிலர் வினவுவர். நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் அது ஒன்றே. ஆயினும் 'மயங்க வைத்தல்' என்பதும் அப்பத்தினுள் ஒன்று. செய்யுளில் முன்னதை விலக்குக. உறுதியிலோ பின்னதற்கே அஞ்சுக.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலச் சொல் 'முன்' எனக் காலத்தைச் சுட்டுகிறது. நம் சொல் 'மேல்' என ஏட்டின் இடத்தைச் சுட்டுகிறது. ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் மேலே நோக்கித் தெளியலாம். வாசிக்கக் கேட்பவருக்கு மேலுமில்லை, கீழுமில்லை. உறுதியை நொத்தாரிசு வாசித்துக் காட்டும்போது பலர் தலையசைத்து விடுவதன் காரணம் இதுவே.

ஆகவே கையொப்பமிடுமுன் ஏட்டை வாங்கி, 'மேற்படி' வருமிடந்தோறும் விரலை வைத்து, 'எது?' என்று வினவுங்கள். விடை ஒன்றாயின் ஒப்பமிடுங்கள். இரண்டாயின், திருத்தி எழுதும்வரை பேனாவை எடாதீர்கள்.