எம்டனும் எல்லாம் வல்லவரும்
(தாம்பரம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



கெட்டிக்காரனைக் கண்டால் "அவன் எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன் ஒரு ஜெர்மானிய யுத்தக் கப்பல். 1914ஆம் வருஷம் செப்டம்பர் 22ந் தேதி இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, அரைமணி நேரத்திற்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் மாண்டார்கள். ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடினார்கள்.

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். பாரத யுத்தத்தில் பட்ட அம்புத் தழும்பு அவர் முகத்திலேயே இருக்கிறதென்கிறார்கள். அவ்வளவு யுத்த அநுபவமுள்ள சாமி அன்றிரவு என்ன செய்தார் என்று நாம் கேட்டால் நாஸ்திகம் என்கிறார்கள்! வெள்ளைக்காரன் சாமி மட்டும் யோக்கியமா? ஜெர்மன் சிப்பாயின் இடுப்புவார்ப் பூட்டில் "கடவுள் நம்மோடு" என்று பொறித்திருந்தது. இங்கிலாந்துப் பாதிரிகளும் அதே கடவுளிடந்தான் வெற்றி கேட்டார்கள். அவர் யார் பக்கம் போவார், பாவம்!

யுத்தம் கிரகக் கோளாறினால் வந்ததென்று ஜோசியன் சொல்லுவான். நடந்ததைக் கேளுங்கள். 1914 ஜூன் 28ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசன் சுடப்பட்டான். ஆஸ்திரியா செர்பியாவின் மேல் பாய்ந்தது; செர்பியாவுக்கு ருஷியா, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி, ருஷியாவுக்குப் பிரான்ஸ் என்று ஒப்பந்தப்படி கிளம்பினார்கள். ஜெர்மானியர் பெல்ஜியத்தில் நுழைந்ததும் ஆகஸ்டு 4ல் பிரிட்டனும் இறங்கிற்று. இதில் சனியன் எங்கே வந்தான்? கையெழுத்துப் போட்டவர்கள் மனிதர்கள். அதிலும் ஜெர்மன் கெய்சர் இங்கிலாந்து ஜார்ஜ் மன்னருக்கு அத்தை மகன்; ருஷிய ஜார் சித்தி மகன். பங்காளிச் சண்டைக்கு ஊரான் பிள்ளை சாகவேண்டுமாம்!

நம்மை யாராவது கேட்டார்களா? கேட்காமலே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியரைக் கப்பலேற்றினார்கள். ஏறக்குறைய 74 ஆயிரம் பேர் திரும்பவில்லை.

எம்டனை 1914 நவம்பர் 9ல் சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் கொகோஸ் தீவருகே முடித்தது. யுத்தம் ஜெபத்தால் முடியவில்லை. கடல் வழி அடைபட்டு ஜெர்மனியில் பசி. 1917ல் அமெரிக்காவும் எதிரே வந்தது. 1918ல் கீல் துறைமுகத்து மாலுமிகள் "இனிப் போகமாட்டோம்" என்று திரும்பினார்கள். தெய்வாம்சம் பெற்ற கெய்சர் ஹாலந்துக்கு ஓடினார். நவம்பர் 11ல் பீரங்கி ஓய்ந்தது.

ஓய்ந்து இருபத்தொரு வருஷத்தில், 1939 செப்டம்பர் 3ல், மறுபடி வைசிராய் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவும் யுத்தத்தில் இருக்கிறதென்றார். 1942 ஏப்ரல் 5ல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு விழுந்ததும் சென்னை காலியாயிற்று. எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய ரயில்கள் நம் தாம்பரத்தைத் தாண்டித்தான் போயின. ஊரில் வீடும் நிலமும் உள்ளவன் போனான். அன்றாடக் கூலிக்காரன் எங்கே போவான்? மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளை, கூண்டு உடைந்தால் ஆபத்தென்று, அரசாங்கமே சுட்டுக் கொன்றது. கொலை செய்யாத ஜீவன்களுக்கு அந்தக் கதி! ஜப்பான்காரன் இறங்கவில்லை. 1945 ஆகஸ்டில் இரண்டு அணுகுண்டுகளோடு அதுவும் முடிந்தது.

தோழர்களே, தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கோட்டையில் இறங்கினால் ஐகோர்ட்டு மதிலருகே எம்டன் குண்டு பட்டதற்கு அடையாளக் கல் இருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஒரு தேங்காய் உடைக்கிற செலவுகூட ஆகாது.