வாக்குச்சாவடிக்கு வெளியே நின்று என்ன செய்யலாம்?

(சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த தேர்தலில் நம் சங்கமே வாக்குப்பதிவைக் கண்காணித்தால் என்ன என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். இறங்குவதற்கு முன் அதிலுள்ள சிரமங்களையும் தெரிந்துகொள்வோம்.

முதல் சிரமம், உள்ளே நுழைவது. 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49-டி என்ற விதி, வாக்குச்சாவடிக்குள் யார் யார் வரலாம் என்று பட்டியல் போடுகிறது. வாக்காளர், வாக்குப்பதிவு அலுவலர், பணியிலுள்ள அரசு ஊழியர், வேட்பாளர், முகவர், ஆணையம் அனுமதித்தவர். கைக்குழந்தைக்குக்கூட அதில் இடமுண்டு. குடியிருப்போர் சங்கத்துக்கு இல்லை. 'தேர்தல் பார்வையாளர்' என்று நாம் செய்தியில் படிப்பவர்கள் ஆணையம் நியமிக்கும் அரசு அதிகாரிகள். இலங்கையில் பஃப்ரல் போன்ற உள்நாட்டு அமைப்புகள் ஆணைக்குழுவின் அனுமதியோடு சாவடிக்குள் சென்று பார்க்கின்றன. இங்கே அந்த வழக்கம் இல்லை.

இரண்டாவது, ஆவணங்கள். பதிவான வாக்குகளின் கணக்கைத் தலைமை அலுவலர் படிவம் 17-சி-யில் எழுதுகிறார். அதன் நகல் முகவர்களுக்குத்தான். 2024 மக்களவைத் தேர்தலின்போது அந்த விவரங்களை இணையத்தில் வெளியிடக் கேட்டார்கள். தேர்தல் நடந்துகொண்டிருக்கையில் இடைக்கால உத்தரவு தர உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் விதி 93 திருத்தப்பட்டு, கேமராப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிடவும் தடை வந்தது. வாக்காளரின் ரகசியம் காக்க என்று காரணம் சொல்கிறார்கள். அது தள்ளிவிடக்கூடிய காரணம் அல்ல. ஆனால் வங்கியில் காசாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், மாலையில் இன்னொருவரும் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அது சந்தேகம் அல்ல, காசாளருக்கே பாதுகாப்பு.

மூன்றாவது சிரமம் நம்மிடமே இருக்கிறது. நம் வளாகத்தில் எல்லாக் கட்சி அன்பர்களும் உண்டு. ஒரு கட்சியின் தவறு மட்டும் நம் கண்ணில் பட்டால், மறுநாள் லிஃப்டில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது. சங்கத்தின் பெயரும் கெடும். ஆகவே கட்சிப் பொறுப்பில் உள்ளவர்கள் தன்னார்வலராக வேண்டாம். கண்ணால் கண்டதை மட்டும் இடம், நேரத்தோடு எழுதுவோம். வாட்ஸ்அப்பில் வந்ததைப் புகாராக்க வேண்டாம்.

சரி, வெளியே நின்று என்ன செய்யலாம்? பணம், பரிசுப் பொருள் விநியோகத்தைப் பார்த்தால் அங்கிருந்தபடியே 'சி-விஜில்' செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். பெயரை மறைத்தும் புகார் தரலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு.

அதைவிடப் பெரிய வேலை வாக்காளர் பட்டியல். வரைவுப் பட்டியல் வந்ததும் வீடு வீடாகச் சரிபார்ப்போம். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. வாடகைக்குக் குடியிருப்பவர்கள், காவலாளிகள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள் ஆகியோரிடமும் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் விடுபடுவது அவர்கள்தான்.

படிவம் 7-இல் மட்டும் மிகுந்த கவனம் தேவை. 'காலி செய்துவிட்டார் போல' என்ற கேள்வி ஞானத்தில் எழுதாதீர்கள். பொய்யென்று தெரிந்தே எழுதினால் ஓராண்டு வரை சிறை என்கிறது சட்டம். அதைவிட, வரிசையில் நின்றுவிட்டு ஓட்டுப் போடாமல் ஒருவர் திரும்பிப் போவதற்கு நாம் காரணமாகக் கூடாது.

ஒரு பிளாக்குக்கு இரண்டு பேர் போதும். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.