பின்தங்கிய பள்ளியும் பட்டுத் தறியும்



பின்தங்கிய அரசுப் பள்ளிகளைச் சர்க்கார் சீர்செய்வது பற்றிய விசாரம் எழும்போதெல்லாம் கட்டடத்தையும் பரீட்சை முடிவையும் பேசியே பழகிவிட்டோமாதலால், காஞ்சி நகரில் உங்கள்முன் நின்று பேசும் நான், வகுப்பில் பிள்ளையின் இடம் காலியாய்க் கிடந்ததன் காரணத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

உடலும் கரையும் வேறு வேறு வர்ணமாய் அமையும் கோர்வைச் சேலையை வழக்கமான முறையில் ஒருவர் தனியே நெய்ய இயலாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாடாக்கள் ஓடும் அத்தறியில் மறுபக்கத்துக் கரைக்கு நாடா எறிந்து கொடுக்க இன்னொருவர் வேண்டும். நெடுங்காலம் பல வீடுகளில் அவ்விடத்தில் உட்கார்ந்தது குழந்தை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையும்வரை அது எழுந்திருக்கவும் வழியில்லை. வாத்தியார் எத்துணை சமர்த்தராயினும், வராத பிள்ளைக்கு எதைக் கற்பிப்பார்?

1953-இல் ராஜாஜி மந்திரிசபை, கிராமப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. அதிகம் பிள்ளைகளைச் சேர்க்கும் உத்தேசமும் அதில் இருந்ததெனினும், தறிக்குழியைவிட்டு ஏறி வரவேண்டிய பிள்ளையை அக்குழிக்கே திருப்பியனுப்பும் ஏற்பாடாக அமைந்தமையால், அதற்கெதிராக மூண்ட கிளர்ச்சி முற்றிலும் நியாயமென்றே கருதுகிறேன். மறுவருஷம் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார்.

அதன்பின் அவரும், இக்காஞ்சிக்கு அண்மையிலுள்ள நெய்யாடுபாக்கத்தில் பிறந்த கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும் மேற்கொண்ட மார்க்கம் வேறு. 1956-இல் மதிய உணவு வந்தது. 1958-இல் கடம்பத்தூரில் கூடிய மாநாட்டிலிருந்து பள்ளிச் சீரமைப்பு இயக்கம் பரவிற்று. தங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று ஊராரே பட்டியலிட்டு, கரும்பலகையும் நாற்காலியும் நிலமும் ரொக்கமும் தாமே தந்தார்கள். ஆணையிடும் ஸ்தானத்திலிருந்த கல்வி இலாகா, ஜனங்களிடம் கைநீட்டி நின்றது. அதிலே கௌரவக் குறைவொன்றும் நேரவில்லை, பள்ளிதான் ஊருக்குச் சொந்தமாயிற்று.

பிற்காலத்தில், தறியிலிருந்து மீட்ட குழந்தைகளுக்கு நம் மாவட்டத்தில் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 2022-இல் காலை உணவுத் திட்டமும் பிறந்தது. இவை யாவும் சர்க்காரின் கைங்கரியம். நம்முடைய பங்கைக் கேட்கிறேன்: கூட்டுறவுச் சங்கங்களும் பட்டு முதலாளிமாரும் கோர்வைச் சேலைக்குக் கூலி நிர்ணயிக்கையில், மறுபக்கம் உட்காரும் துணையாளுக்கு வயதுவந்தவரின் கூலியைத் தனியே கணக்கிட வேண்டும், பெற்றோரும் அங்கம் வகிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளில், தறியை நிறுத்திவிட்டு வரும் நெசவாளிக்கு அன்றைய கூலி குறையாதிருக்கவும் அவர்களே வழி செய்ய வேண்டும்.