“யார் ஜெயிப்பாங்க, டீச்சர்?”

(ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் இடைக்காலம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்தான். “டீச்சர், ஐரோப்பா நைட்டும் ஜப்பான் சாமுராயும் மோதினா யார் ஜெயிப்பாங்க?” வகுப்பே சிரித்தது. “பாடத்தைக் கவனி” என்று உட்காரவைத்தேன். அதன்பின் ஆண்டு முழுதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது என்னை உறுத்தியது.

அடுத்த ஆண்டு அதே கேள்வியை நானே கரும்பலகையில் எழுதினேன். அதன் கீழே மூன்று துணைக் கேள்விகள்: எந்த நூற்றாண்டு? எந்த எதிரி? எந்த நிலம்?

“சாமுராய் வாளால் எதையும் வெட்டுவான்” என்றனர் ஒரு குழுவினர். ஆனால் தொடக்க நூற்றாண்டுகளில் சாமுராய் முதன்மையாகக் குதிரைமேல் இருந்து அம்பு எய்பவர். பிற்காலத்தில் ஈட்டி முக்கியமானது. போர்க்களத்தில் வாள் பெரும்பாலும் துணை ஆயுதமே.

“நைட் கவசத்தோடு விழுந்தால் எழவே முடியாது” என்றனர் மறு குழுவினர். அதுவும் தவறு. 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ. எடை உடல் முழுதும் பரவுவதால் அவரால் எழவும் குதிரை ஏறவும் முடிந்தது. அத்தகட்டை வாள் வெட்டாது. அதனால்தான் போர்ச் சுத்தியலும், இடுக்கில் குத்தும் குறுவாளும் வந்தன. ஒவ்வொருவர் ஆயுதமும் அவரவர் எதிரிக்கேற்ப உருவானது.

பிறகு இரண்டு போர்களைச் சொன்னேன். 1415இல் அஜின்கோர்ட்டில், சேற்றில் திணறிய பிரெஞ்சு நைட்டுகளை இங்கிலாந்தின் நெடுவில் வீரர்கள் வீழ்த்தினர். 1575இல் நாகாஷினோவில், மரவேலிக்குப் பின்னால் நின்ற ஓடா நொபுனாகாவின் துப்பாக்கி வீரர்கள் டகேடா குதிரைப்படையை முறியடித்தனர். வில்லேந்தியவர்களும் துப்பாக்கி ஏந்தியவர்களும் பெரும்பாலும் பிரபுக்கள் அல்லர், சாதாரணக் காலாட்கள்.

ஒரு மாணவி சட்டென்று சொன்னாள்: “அப்போ ரெண்டு பேரையும் ஜெயிச்சது சாதாரண ஆளுங்கதான், டீச்சர்!” நிலமானிய முறையின் வீழ்ச்சியைப் பேச எனக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைத்ததில்லை.

நண்பர்களே, வகுப்பு சிரிக்கும் கேள்வியை உட்காரவைத்துவிடாதீர்கள். நான் உட்காரவைத்த மாணவன் பள்ளிப்படிப்பை முடித்துப் போய்விட்டான். அவனுக்கான பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.