அவர்களுக்கும் ஒரு மெழுகுதிரி



கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சாமி, நற்செய்தி காதில் விழாமலே செத்துப்போன எங்க பாட்டன் பூட்டனெல்லாம் எங்கே இருக்காங்க?"

மாமல்லபுரம் போனால் பல்லவர் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்களின் புதைகுழிகள் மதுராந்தகம் அருகே சானூரில் இருக்கின்றன. 1950, 1952 ஆண்டுகளில் அங்கே தோண்டியபோது, கல்வட்டங்களுக்குள் கால்கள் வைத்த சுடுமண் பேழைகளும், கறுப்பு சிவப்புக் கலயங்களும், இரும்புக் கருவிகளும் கிடைத்தன. அவர்கள் எந்தப் பெயரில் கடவுளைக் கூப்பிட்டார்களோ! ஆனால் செத்தவருக்குக் கலயம் எதற்கு? உழைத்து உருக்கிய இரும்பை மண்ணுக்குள் வைப்பானேன்? இத்தோடு முடியவில்லை என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

நம் ஆண்டவர் வளர்ந்த நாசரேத்தின் அருகே கஃப்சே குகையிலும், ஏறத்தாழ 90,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளையை மான் கொம்போடு புதைத்திருக்கிறார்கள். சமயங்களின் வேரைத் தேடுவோர் இத்தகைய குழிகளின் அருகேதான் வந்து நிற்கிறார்கள்.

ஏதென்சில் 'அறியாத தெய்வத்துக்கு' என்று எழுதிய பீடத்தைப் பவுலடியார் பழிக்கவில்லை. அதைக் கொண்டே பேசத் தொடங்கினார். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சான்றின்படி நடக்க முயன்றால் மீட்படைய முடியும் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது.

பெரியவரிடம் இதைச் சொல்லி, "நவம்பர் 2 அன்று அவர்களுக்கும் மெழுகுதிரி ஏற்றுங்கள்" என்றோம்.

"எத்தனை சாமி?"

ஒன்று போதும் என்றோம்.