'அக்விட்' என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்

(கூத்தாநல்லூரில் மாலைநேர வகுப்பு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பத்தாவது படிக்கும்போது ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வேன். சொல், பொருள், கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். 'அக்விட்' என்றால் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பளித்து விடுவிப்பது. வாக்கியம்: 'நீதிமன்றம் அந்த அப்பாவியை அக்விட் செய்தது.' பத்து முறை எழுதினேன்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் கீழ்வெண்மணி வழக்கைப் படித்தேன். அன்று நம் ஊரும் வெண்மணியும் ஒரே தஞ்சை மாவட்டம். கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட சேரியில், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் மிராசுதார்களைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதுவும் 'அக்விட்'தான். அகராதி சொன்ன பொருள் சரி. 'அப்பாவி' என்பதை என் நோட்டுதான் கூடச் சேர்த்திருந்தது.

உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது உறுப்பு. தமிழ் வர வேண்டும் என்று போராடுவோம். அதுவரை அந்த மொழி தெரியாமல் வாசலில் நிற்க முடியாது.

இன்னொரு சொல், 'நெக்லெக்ட்'. கைடில், படிப்பைக் கவனிக்காத பையன்தான் அதற்கு வாக்கியம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவில் அதே சொல், 'வேண்டுமென்றே' என்ற அடையோடு, கடமை தவறும் அரசு ஊழியரைக் குறிக்கிறது. அந்தக் கடமைகள் எவை என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டியலிட்டது. வாயால் சொன்ன புகாரை எழுதினால், கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும். நகல் தர வேண்டும். தவறும் ஊழியர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர் என்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

என் அம்மா ஒருமுறை காவல் நிலையத்தில், யாரும் படித்துக் காட்டாத தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். பக்கத்தில் நான்தான் நின்றேன். 'நெக்லெக்ட்' எனக்கு எழுத்துப் பிழையில்லாமல் தெரியும். ஆனால் கேள்வி கேட்கத் தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். பொருளை அகராதியில் பாருங்கள். வாக்கியத்தை மட்டும் கைடில் எடுக்காதீர்கள். வயலிலிருந்து, ரேஷன் கடையிலிருந்து, காவல் நிலையத்திலிருந்து எடுங்கள்.

இன்றைய வீட்டுப்பாடம் 'அபாலிஷ்'. முதல் வாக்கியம் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது உறுப்பிலேயே இருக்கிறது: தீண்டாமை ஒழிக்கப்படுகிறது. அதற்குக் கீழே, உங்கள் தெருவில் இன்னும் ஒழியாதது எது என்று ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.