இரண்டாவதாக இறங்கியவன்

(நண்பனின் முதலாம் ஆண்டு நினைவேந்தல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அவன் அம்மாவின் விருப்பப்படி அவன் பெயரும் ஊர்ப் பெயரும் இதில் இல்லை.)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இந்தத் தெருவிலிருந்து முதன்முதலாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற தம்பி" என்றார். அவருடைய அன்புக்கு நன்றி. ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டால் ஒரு கதை தானாக உருவாகிவிடும். ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், முயற்சி செய்தவன் முன்னேறினான், மற்றவன் வழியிலேயே நின்றுவிட்டான் என்பது அந்தக் கதை. அது பொய். என் நண்பனை நினைவுகூர்வது என்றால், முதலில் அந்தப் பொய்யை உடைத்தாக வேண்டும்.

நாங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை சேர்ந்து படித்தோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் அவன் 97, நான் 71. அந்த 71இல் பாதி அவன் சொல்லிக் கொடுத்தது. தெருவிளக்கு இருந்த திண்ணையில் சாக்பீஸால் கணக்குப் போட்டு, எனக்குப் புரியும் வரை அழித்து அழித்து எழுதுவான். கோபப்பட மாட்டான். "இன்னொருக்கா பாருடா" என்பான், அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில் நடந்த ஒன்றை இங்கே பதிவு செய்ய வேண்டும். எங்கள் பள்ளியில் கழிவறை கழுவப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "அந்தத் தெருப் பசங்க வாங்கடா" என்பார்கள். எந்தத் தெரு என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அவன் எழுந்து நின்று, "வருகைப் பதிவேட்டு வரிசைப்படி கூப்பிடுங்க சார். என் நம்பர் வர்றப்ப நானும் கழுவறனுங்க" என்றான்.

வேலையை அவன் இழிவாகப் பேசவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வரிசையைத்தான் கேட்டான். பன்னிரண்டு வயதில் இதைவிடத் தெளிவாக ஒருவன் சாதியைப் பற்றிப் பேசிவிட முடியாது. அதற்காக மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுவது நின்றது. அடுத்த மாதம் அந்த வேலைக்குச் சில நூறு ரூபாய் கூலியில் ஒரு அம்மாவை வைத்தார்கள். அவரும் எங்கள் தெருதான். "நம்ம தெரு வரிசை முடியவே முடியாதாடா?" என்று அவன் சிரித்தான்.

அப்படிப்பட்டவன் ஏன் படிப்பை விட்டான்? எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசங்களைக் கணக்கெடுத்துப் பார்க்கிறேன். என் அப்பா பேரூராட்சியில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளர். மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு, கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்க முடியும். அவன் அப்பா தினக்கூலி. அவன் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவர் காலமானார். நான் அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். கட்டணம் சொற்பம், தங்குவதற்கு ஆதிதிராவிடர் நல விடுதி இருந்தது. 2009இல் தமிழக அரசு கொண்டுவந்த அருந்ததியர் 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. மதிப்பெண் அதிகம் என்பதால் அவனை எல்லோரும் பொறியியலுக்கு அனுப்பினார்கள். அது ஒரு சுயநிதிக் கல்லூரி. உதவித்தொகை வரும்வரை கட்டணத்தை நீயே கட்டு என்றார்கள். கட்ட முடியவில்லை. சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அரசாணை 92, 2012 செப்டம்பரில் வந்தது. அதற்குள் அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான்.

இதில் எங்கே திறமை இருக்கிறது, எங்கே முயற்சி இருக்கிறது? ஒரு நிரந்தர வேலை, ஒரு விடுதிக் கட்டில், ஒரு உள் ஒதுக்கீடு. இந்த மூன்றும்தான் நான். இவை உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் இன்று இங்கே அவன் பேசிக்கொண்டிருப்பான், என்னைவிட நன்றாகவே பேசியிருப்பான்.

பனியன் கம்பெனியில் வேலை குறைந்த ஒரு சமயத்தில் செப்டிக் டேங்க் லாரிக்கு ஓட்டுநராகப் போனான். ஓட்டுவது மட்டும்தான் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். லாரியில் மோட்டார் இருக்கிறது, குழாய் இருக்கிறது, எல்லாம் இயந்திரம்தானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடும். பல வருடங்களாக அடியில் இறுகிப்போன மண்டியை உறிஞ்சாது. அதைக் கலக்கிவிட ஆள் இறங்க வேண்டும். வீட்டுக்காரருக்குத் தொட்டி சுத்தமாக வேண்டும், ஒப்பந்தக்காரருக்கு அடுத்த இடத்துக்கு வண்டி போக வேண்டும். சட்டத்தில் இயந்திரம் இருக்கிறது, தொட்டிக்குள் மனிதன் இருக்கிறான்.

போன ஆண்டு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் முதலில் இறங்கியது அவன் இல்லை. வண்டியில் உதவியாளாக வந்த இளைஞர் இறங்கினார். சத்தம் நின்றதும் இவன் எட்டிப் பார்த்து, அவரைத் தூக்க இறங்கினான். இருவரும் வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் உப்புப் பகுப்பாய்வு செய்தோம். சல்ஃபைடு என்றால் அழுகிய முட்டை நாற்றம் வரும், லெட் அசிடேட் தாள் கறுக்கும் என்று மனப்பாடம் செய்தோம். தொட்டிக்குள் இருந்ததும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். ஆனால் எங்களுக்குச் சொல்லித் தராத ஒன்று உண்டு. அளவு கூடும்போது அந்த வாயு முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி ஆபத்து இல்லை என்று தோன்றும் நேரம்தான் உண்மையில் சாவின் நேரம். அடுத்த சில மூச்சிலேயே நினைவு தப்பும். முதலில் விழுந்தவரைத் தூக்கப் போகிறவர் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். அதனால்தான் இந்தச் சாவுகள் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக வருகின்றன. மேலிருந்து காற்று தரும் கருவியும் இடுப்பில் கட்டிய கயிறும் இல்லாமல் அங்கே யாராலும் யாரையும் காப்பாற்ற முடியாது.

மறுநாள் செய்தித்தாளில் "விஷவாயு தாக்கி இருவர் பலி" என்று வந்தது. வாயு தாக்கியதாம். இறக்கிவிட்டவர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. காவல் நிலையத்தில் போட்ட வழக்கு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, அதாவது கவனக்குறைவால் மரணம். அப்போது லாரி மோதினாலும் அதே பிரிவுதான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விபத்துன்னு எழுதிட்டாங்க கண்ணு. நாளைக்கு அவன் புள்ளைக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நாம் இங்கே பதில் சொல்லியாக வேண்டும்.

தோழர்களே, நானும் அவனும் 1993இல் பிறந்தவர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் முதல் சட்டம் நிறைவேறியதும் அதே 1993. எங்களுக்குப் பத்து வயதாகும்போது, 2003இல், அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லி சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எங்களுக்கு இருபது வயதில் இரண்டாவது சட்டம் வந்தது. அண்ணலின் நினைவு நாளான டிசம்பர் 6, 2013 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதே குற்றம் என்றது அதன் 7ஆம் பிரிவு. அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்றது 9ஆம் பிரிவு. சாவு நடந்தால்தான் குற்றம் என்றில்லை, இறக்கினாலே குற்றம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993இலிருந்து இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தீர்ப்பு வந்த சில மாதங்களில் அவன் இறந்தான்.

இத்தனை சட்டமும் தீர்ப்பும் அவன் வயதோடு சேர்ந்து வளர்ந்தும், ஒன்றுகூட அவனைத் தொடவில்லை. ஏன்? சாவுக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் சட்டம் உள்ளே வராது. 2021இல் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு, கையால் மலம் அள்ளியதால் யாரும் இறக்கவில்லை என்றது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்கள் வேறு கணக்காம். மேலே நாடாளுமன்றத்தில் செய்வதைத்தான் கீழே காவல் நிலையத்தில் எழுத்தர் செய்கிறார். பள்ளியில் "அந்தத் தெரு" என்றார்கள், இங்கே "விபத்து" என்கிறார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் வந்தது. பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவது 3(1)(j) பிரிவின்படி வன்கொடுமை. அந்தப் பிரிவைப் போட்டால் என்ன மாறும்? விசாரணையை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். குடும்பத்துக்கு ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை, பிள்ளையின் படிப்புச் செலவு என்று கேட்க விதிகளில் இடம் உண்டு. "விபத்து" என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் பிணவறை வாசலில் நீட்டுகிற கவர்தான் மிச்சம். அவன் துணைவியாரிடமும் நீட்டினார்கள். இனி வழக்கு நடத்த மாட்டோம் என்று எழுதிய தாளும் கூடவே வந்தது. அவர் வாங்கவில்லை. அந்தத் துயரத்திலும் கையெழுத்துப் போட மறுத்த அந்தத் தங்கையால்தான் இந்த வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது.

அவனுக்குச் சிலையோ பேனரோ வேண்டாம். நம்மால் முடிகிற மூன்று வேலைகளைச் சொல்கிறேன். ஒன்று, இப்படி ஒரு சாவு நடந்தால் முதல் நாளே நான்கு பேர் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளும் வன்கொடுமைச் சட்டப் பிரிவும் முதல் தகவல் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பார்த்து, அதன் நகலை வாங்காமல் உடலை வாங்கக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புக் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் மாவட்டக் குழு எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். மூன்று, கட்டணத்துக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிகளை எதிர்த்து நிற்க நம் தெருப் பிள்ளைகளுக்கு ஆள் வேண்டும். என்னைப் போல் வெளியே படிக்கப் போனவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. அந்தப் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா, நீங்கள் கேட்டதற்கு நான் சொல்லும் பதில் இதுதான். உங்கள் மகன் விபத்தில் சாகவில்லை. சட்டம் தடைசெய்த வேலையில், ஆட்கள் தெரிந்தே அனுப்பிய இடத்தில், கூட வந்தவனைத் தூக்கப் போய்ச் செத்தான். அவன் பிள்ளை பெரியவளானதும் இப்படியே சொல்லுங்கள். இதே சொற்களை வழக்கிலும் எழுத வைக்கத்தான் வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறோம். தெருவே வர வேண்டும். மற்ற தெருக்காரர்களும் வர வேண்டும். அவன் கேட்ட வரிசை எல்லோருக்கும் உரியது.